டுஷென் தசைச் சிதைவு: இதயத்தை எக்கோவில் பார்ப்பதா, எம்.ஆர்.ஐ.யில் பார்ப்பதா?

தசைகள் படிப்படியாக நலிந்துபோகும் மரபணு நோயான டுஷென் தசைச் சிதைவு உள்ள சிறுவனின் நடமாட்டம் ஏற்கெனவே குறைந்திருப்பதால், இதயம் பலவீனமடைவதை மூச்சிரைப்பு முன்கூட்டிக் காட்டிக்கொடுப்பதில்லை. அறிகுறி இல்லாதபோதே ஆண்டுதோறும் படமெடுக்கச் சொல்வது அதனால்தான்.

செலவும் எளிமையும்: எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுப்பது) மலிவானது, விரைவில் முடிவது. எம்.ஆர்.ஐ.க்குச் செலவு அதிகம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அசையாமல் படுத்து, சொல்லும்போதெல்லாம் மூச்சைப் பிடிக்க வேண்டும்.

தெளிவு: முதுகெலும்பு வளைந்த பிறகு எக்கோவில் இதயம் சரியாகத் தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ.க்கு அந்தத் தடை இல்லை. முதுகில் உலோகத் தண்டு பொருத்தியிருந்தால் மட்டும் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

முன்கூட்டியே கண்டறிதல்: என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது இதுவே. எக்கோ பெரும்பாலும் இதயம் இரத்தத்தை வெளியேற்றும் விகிதத்தையே அளக்கிறது. அந்த விகிதம் இயல்பாக இருக்கும்போதே, இடது கீழறையின் வெளிச்சுவரில் இதயத்தசை தழும்புபோல் இறுகத் தொடங்கியிருப்பதை, கடோலினியம் என்ற, படத்தில் வேறுபாட்டை எடுத்துக்காட்டும் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். கடோலினியத்துக்கு முன் சிறுநீரகத்தைச் சோதிக்கையில், சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் உயரும் கிரியாட்டினின் அளவு, தசை குறைந்த இச்சிறுவர்களுக்குத் தாழ்ந்தே இருந்து கோளாறை மறைக்கக்கூடுமென்பதால், தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி இரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆறேழு வயது வரை, மயக்க மருந்தின்றிப் படுக்க இயலாத குழந்தைக்கு எக்கோ பொருந்தும். அதன்பின், வசதி இருக்குமிடத்தில் எம்.ஆர்.ஐ.யே சிறந்தது. அது கிடைக்காவிட்டாலும் ஆண்டு எக்கோவைத் தவறவிடாதீர்கள். படம் இயல்பாக இருந்தாலும் 10 வயதுக்குள் இதயத்தின் சுமையைக் குறைக்கும் ஏ.சி.இ. தடுப்பான் (ACE inhibitor) வகை மருந்தைத் தொடங்குமாறு 2018ஆம் ஆண்டின் பராமரிப்பு வழிகாட்டுதல் கூறுகிறது.