பஞ்ச நிவாரணம்: அங்கேயே வாங்குவதா, கப்பலில் அனுப்புவதா?

வெளிநாட்டில் பஞ்சம் என்றால் அங்கே வாங்கப் பணமா, இங்கிருந்து தானிய மூட்டையா என்று குழம்புகிறவர்களுக்கு.

செலவு: அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2009இல் பார்த்த கணக்கில், சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் உள்ளூரில் வாங்கியது கப்பலில் வந்ததைவிட 34 சதவீதம் மலிவு. பாதிச் சரக்காவது அமெரிக்கக் கொடி கட்டிய கப்பலில்தான் போகவேண்டும் என்று அங்கே சட்டம், பிறகு வாடகை ஏறாமல் என்ன செய்யும்?

நேரம்: அதே கணக்கில், கப்பல் சராசரி 147 நாள். உள்ளூர் 35.

விலை: உள்ளூர் கொள்முதல் இடிப்பது இங்கேதான். உடுமலை, பல்லடம் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்களைக் கேளுங்கள், கோழித்தீவனக்காரர்கள் மொத்தமாக இறங்கினால் விலை ஏறும், காட்டுக்காரருக்குச் சந்தோஷம், வாங்கித் தின்கிறவருக்குத் திண்டாட்டம். கப்பல் நேர் எதிர்; அறுவடை நேரத்தில் இலவச மூட்டை வந்து இறங்கினால் அந்த ஊர் விவசாயி யாரிடம் விற்பார்?

தரம்: உள்ளூரில் மேல்மூட்டையை மட்டும் அள்ளிப் பார்த்து வாங்கக் கூடாது. அடிமூட்டை வரை ஈரம் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நச்சு வரும்.

சரி, எது எதற்கு? பக்கத்து மாவட்டத்தில் விளைச்சல் இருந்து லாரியும் ஓடுகிறதென்றால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளூர். சுற்றுவட்டாரமே காய்ந்து கிடந்தால் கப்பல்தான். 1965-67 வறட்சியில் நமக்கே பி.எல்.480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தில் வந்த கோதுமைதான் கப்பலில் வந்து இறங்கியது.