டீலக்ஸ் ரிவேர்புக்குத் துணை: வொக்ஸா, மார்ஷலா?

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவேர்ப் என்ற கிட்டார் அம்ப் வைத்திருக்கும் ஒருவர் இரண்டாவது டியூப் அம்ப் (வெற்றிடக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) தேடும்போது, அந்த டீலக்ஸால் எது முடியவில்லை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அதே வேலையைச் செய்யும் இன்னொன்றுக்குக் காசு கொடுப்பதில் பயனில்லை.

டீலக்ஸின் விபரம் பலருக்குத் தெரியும்: 22 வாட், இரண்டு 6வி6 பவர் டியூப், 12 அங்குல ஸ்பீக்கர், ஸ்பிரிங் ரிவேர்ப் (எதிரொலிப்பு), டிரெமலோ (சத்தம் ஏறி இறங்கும் அலை). அடித்தொனியும் மேல்தொனியும் விரிந்து, நடுத்தொனி சற்று உள்வாங்கி நிற்பதுதான் அதன் அழகு. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தில் கப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசை வாசிக்கும்போது, அந்த 6/8 தாளத்தில் ரிதம் கிட்டாரின் ஒவ்வொரு வெட்டும் தெளிவாக விழ வேண்டும். அதற்கு டீலக்ஸை விட நல்ல அம்பை நான் கேட்டதில்லை. தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குப் பின்னால் வாசிக்கவும் அதுதான். குரலுக்கு உரிய இடத்தைக் குரலுக்கே விட்டுவிடும்.

கோயில் திருவிழா மேடையில் அந்தக் குணமே எதிராகத் திரும்புகிறது. கீபோர்ட், பேஸ், டிரம்ஸ், ஒக்டபேட் எல்லாம் ஒன்றாக முழங்கும்போது லீட் கிட்டார் தனித்துக் கேட்பது நடுத்தொனியால்தான். டீலக்ஸில் பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் உண்டு, மிடில் குமிழ் கிடையாது. சத்தத்தைக் கூட்டினால் மேல்தொனி காதைக் குத்தும், லீட் முன்னே வராது.

சரி, 50 வாட், 100 வாட் என்று போகலாமே என்று கேட்பார்கள். வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 22 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் இடையே 2 டெசிபல்கூட இல்லை. ஆகவே வாட்டை வைத்து இங்கே எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

என் பட்டியலில் மூன்று கொம்போ அம்ப்கள் (ஸ்பீக்கரும் அம்பும் ஒரே பெட்டியில்) இருந்தன. அவற்றில் ஃபெண்டர் புளூஸ் ஜூனியரை முதலிலேயே எடுத்துவிட்டேன். 15 வாட், 14 கிலோ அளவுதான், ஓட்டோவில் மடியில் வைத்தே கொண்டுபோகலாம். உள்ளே இரண்டு இஎல்84 டியூப். வொக்ஸ் ஏசி15இலும் அதே டியூப்தான் என்பதால் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. அம்பின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது டியூபைச் சுற்றியுள்ள சுற்று. புளூஸ் ஜூனியரின் சுற்று ஃபெண்டர் வழியில் போவது. முதல் அம்பாக வாங்குபவருக்கு அருமையானது. டீலக்ஸ் வைத்திருப்பவருக்கு அது அதே திசையில் இன்னொரு அடி மட்டுமே.

மிச்சம் இரண்டு. மார்ஷல் டிஎஸ்எல்20சிஆர் 20 வாட், இரண்டு இஎல்34, 12 அங்குல ஸ்பீக்கர். 10 வாட்டுக்கு இறக்கும் வசதியும் உண்டு. மார்ஷலின் வேரும் ஃபெண்டர்தான்: 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் பிறந்த ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மனின் சுற்றைப் பார்த்துச் செய்தது. ஆனால் அங்கிருந்து வளர்ந்து வந்த ஒலி வேறு. நடுத்தொனி முன்னே தள்ளிக்கொண்டு வரும், மிடில் குமிழும் உண்டு. கால் சுவிட்சால் சுத்தமான சானலில் இருந்து உடைந்த (டிஸ்டோர்ஷன்) சானலுக்குத் தாவலாம், எதிரொலி தரும் டிலே பெடலை அம்புக்குள் இடையில் இணைக்க எஃபெக்ட்ஸ் லூப் இருக்கிறது. 16 கிலோ அளவு. இரவு முழுவதும் சினிமாப் பாட்டு வாசிக்கும் இசைக்குழுவுக்கு இது பெரிய உதவி.

வொக்ஸ் ஏசி15சி1 அப்படி வசதிகளால் ஆளை இழுப்பதில்லை. 15 வாட், செலஸ்டியன் கிரீன்பேக் ஸ்பீக்கர், 22 கிலோ. சானல் மாற்றக் கால் சுவிட்ச் இல்லை, எஃபெக்ட்ஸ் லூப்பும் இல்லை. ஆனாலும் என் தேர்வு இதுதான்.

பல அம்ப்களில் வெளியீட்டின் ஒரு பகுதியை எடுத்துப் பின்னுக்குக் கொடுத்து ஒலியை இறுக்கிப் பிடிக்கும் நெகட்டிவ் ஃபீட்பேக் என்ற சுற்று இருக்கும். டீலக்ஸில் உண்டு, வொக்ஸில் கிடையாது. அதனால் வொக்ஸ் சுத்தமான ஒலியில் இருந்து உடைந்த ஒலிக்குப் படிப்படியாகப் போகும். மெதுவாகத் தொட்டால் மணி போல இருக்கும், அழுத்தி வெட்டினால் உறுமும், எல்லாம் விரலில். மார்ஷல் மாதிரியான உடைவை ஒரு நல்ல ஓவர்டிரைவ் பெடலால் டீலக்ஸிலேயே பெருமளவு எடுத்துவிடலாம். அத்தகைய பெடல்கள் நடுத்தொனியையும் சேர்த்தே தூக்கிக் கொடுக்கும். விரலுக்கு வொக்ஸ் கொடுக்கும் பதிலை எந்தப் பெடலும் டீலக்ஸுக்குள் கொண்டுவருவதில்லை. இரண்டாவது அம்புக்குச் செலவழிக்கிற காசு, பெடலால் கிடைக்காத ஒன்றுக்குப் போகட்டும்.

பராமரிப்பும் இந்தப் பக்கமே சாய்கிறது. பவர் டியூபில் ஓடும் மின்னோட்டத்தை அளவாக வைப்பதுதான் பயஸ். வொக்ஸ் கதோட் பயஸ் வகை. பொருத்தமான புது இஎல்84 சோடியைப் போட்டால் தானாகவே சரிசெய்துகொள்ளும். மார்ஷலில் பவர் டியூப் மாற்றினால் பயஸை அளந்து வைக்க வேண்டும். அம்புக்குள் பல நூறு வோல்ட் ஓடுகிறது, பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் நிற்கும். டியூப் அம்ப் தெரிந்த ஆளை இங்கே இலங்கையில் தேடிப் பிடிப்பது லேசல்ல. தெரியாதவர் கை வைக்கவே கூடாது. வொக்ஸில் ஒரு குறையும் உண்டு: டியூப்கள் எப்போதும் நல்ல சூட்டில் ஓடும், சீக்கிரம் தேயும். ஒரு சோடியை வாங்கி வைத்துவிடுங்கள்.

எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கனடாவில் இருக்கிறார்கள், அன்போடு வாங்கி அனுப்பவும் தயார். ஆனால் அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போர்மர் வோல்ட்டை இறக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் கட்டிய அம்ப் ட்ரான்ஸ்போர்மர் இங்கே கூடுதலாகச் சூடேறும். பின்தகட்டில் 50/60 என்று இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லண்டனில் இருந்து வருவதற்கு இந்தப் பிரச்சினை இல்லை, சதுர பின் பிளக்கும் அப்படியே பொருந்தும்.

கல்லடி, அறுகம்பே போன்ற கடற்கரை இடங்களில் உப்புக் காற்று ஜாக்கையும் டியூப் சொக்கெட்டையும் பிடிக்கும். மாரி காலத்தில் அம்பை நீண்ட நாள் மூடி வைக்காமல் இடைக்கிடை போட்டு வாசியுங்கள்.

வொக்ஸையும் டீலக்ஸையும் ஒன்றாக ஓட்டுவதில்தான் இந்தச் சோடியின் முழுப் பலன் தெரியும். ஏபிஒய் பெட்டியால் கிட்டாரை இரண்டுக்கும் பிரித்துக் கொடுத்தால், டீலக்ஸ் அடியையும் உச்சியையும் விரிக்கும், வொக்ஸ் நடுவை நிரப்பும். சேர்த்துப் போட்டதும் ஒலி மெலிந்து பேஸ் காணாமல் போனால் இரண்டும் எதிர்த் துருவத்தில் ஓடுகின்றன, அதாவது ஒன்றின் ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. டீலக்ஸின் நோர்மல், வைப்ராட்டோ சானல்கள் ஒன்றுக்கொன்று எதிர்த் துருவம் என்பதால் சானலை மாற்றிப் பாருங்கள். நோர்மலில் ரிவேர்ப் கிடையாது. ரிவேர்ப் வேண்டுமென்றால் துருவம் மாற்றும் சுவிட்ச் உள்ள பெட்டியாக வாங்குங்கள்.

ஹம் சத்தம் வந்தால் ஒரு வழியில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்போர்மர் உள்ள ஏபிஒய்யைப் பயன்படுத்துங்கள். பிளக்கின் ஏர்த் வயரைக் கழற்றி ஹம்மை நிறுத்தும் பழக்கம் சில மேடைகளில் உண்டு. ஜெனரேட்டரில் ஓடும் மேடையில், ஈரக் காலோடு, ஒரு கை கிட்டார் கம்பியில், வாய் மைக்கில் வைத்து நிற்பவருக்கு அது உயிர் ஆபத்து. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இரண்டு அம்பையும் தூக்கிப் போக வண்டி இல்லை, கல்முனைக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் ஒரே ஒரு பெட்டியோடு போய்ச் சினிமாப் பாட்டு மேடையில்தான் பெரும்பாலும் வாசிக்கிறீர்கள் என்றால், டீலக்ஸை வீட்டிலும் தேவாலயத்திலும் வைத்துக்கொண்டு மார்ஷலை எடுங்கள்.