வீட்டில் யாருடைய ஓவிய நகலை மாட்டலாம்: ரூசோவா, மோசஸ் பாட்டியா?

இருவரும் ஓவியப் பள்ளிக்குப் போகாதவர்கள். பாரிஸில் சுங்கச்சாவடி வேலை பார்த்த ஆன்ரி ரூசோ 1886 முதல் தன் படங்களைக் கண்காட்சிக்கு அனுப்பினார், பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிரான்ஸைத் தாண்டாமல், தாவரவியல் பூங்காவைப் பார்த்தே காடுகளை வரைந்தார்.

அமெரிக்காவின் மோசஸ் பாட்டி, மூட்டுவலியால் ஊசிவேலை முடியாமல்போக, எழுபதைத் தாண்டித் தூரிகை எடுத்தவர். 1940இல் நியூயார்க்கில் தனிக் கண்காட்சி. பழைய படச்சட்டத்தை முதலில் எடுத்துவைப்பார், அப்புறம் அதன் அளவுக்குப் பலகையை அறுத்து வரைவார். எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இது!

சரி, வீட்டில் மாட்ட எது? பாட்டியின் பனிக்கிராமம் சின்னச் சட்டத்திலும் அழகாக இருக்கும். ரூசோவின் ‘கனவு’ என்ற காட்டு ஓவியம் அசலில் ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலம்; சுருக்கினால் அந்த இலைகளின் பிரம்மாண்டம் போய்விடும். சுவர் பெரிதாக இருந்தால் மட்டும் ரூசோ.