சிறிய நாய்களுக்கான பூஸ்டர் சீட்: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் நாய் சிட்டு பொமரேனியன் கலப்பினம்; வயது மூன்று, எடை நான்கரை கிலோ. காரின் கதவு திறக்கும் ஓசை கேட்டாலே மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்வாள். தூக்கிச் சென்று பின்னிருக்கையில் விட்டால், ஐந்து நிமிடத்துக்குள் மார்பு முடி எச்சிலில் நனைந்து திரிதிரியாகத் தொங்கும். கால்விரல்களை விரித்து இருக்கைத் துணியைப் பற்றிக்கொண்டு நடுங்கியபடி நிற்பாளே தவிர, உட்காரமாட்டாள். வளைவு வரும்போதெல்லாம் சறுக்கிப் போய்க் கதவில் மோதுவாள். தடுப்பூசிக்கு அழைத்துச் செல்வதே பெரும்பாடாகிவிட்ட நிலையில்தான், பயணப் பதற்றத்தைப் போக்கும் என்ற வாசகத்தோடு விற்கப்படும் பூஸ்டர் சீட் ஒன்றை வாங்கினோம். ஏழு மாதம் பயன்படுத்திவிட்டேன். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் அது தீர்த்துவைத்தது சிட்டுவின் குமட்டலை. அச்சத்தைத் தீர்க்க நாங்கள் தனியே ஏழு வாரம் உழைக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் வாங்குபவர் பத்தே நாளில் இருக்கையைப் பரணில் போட்டுவிடுவார் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேற்புறம் திறந்த பெட்டி போன்ற வடிவம். அடியில் கெட்டியான ஃபோம், நாற்புறமும் பஞ்சு திணித்த சுவர், மேலே ஜிப் வைத்துக் கழற்றக்கூடிய துணி உறை. காரின் பின்னிருக்கையில் வைத்து, ஒரு பட்டையைத் தலைச்சாய்வைச் சுற்றியும் மற்றொன்றை முதுகுச்சாய்வைச் சுற்றியும் இறுக்கிக் கட்ட வேண்டும். நாய் உட்காரும் தளம் கார் இருக்கையைவிட ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உயரத்தில் அமைகிறது. அந்த ஒரு சாண் உயரத்தில்தான் இப்பொருளின் பயன் முழுவதும் இருக்கிறது.

காரணத்தை விளக்குகிறேன். உடல் நகர்கிறதா, திரும்புகிறதா என்பதை உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கண்ணும் அதையே சொல்கிறது. சிறிய நாய் சாதாரண இருக்கையில் நிற்கும்போது அதன் கண்ணுக்கு எதிரே தெரிவது முன்னிருக்கையின் முதுகு மட்டுமே. கண் அசைவில்லை என்கிறது. செவியோ வளைகிறோம், குலுங்குகிறோம், நிற்கிறோம் என்கிறது. இந்த முரண்பாடு மனிதர்களுக்குப் போலவே நாய்களுக்கும் குமட்டலை உண்டாக்குகிறது. நாயை உயர்த்தி உட்காரவைத்தால் முன்கண்ணாடி வழியே சாலை தெரியும். உடல் உணரும் அசைவைக் கண்ணும் காணும். அதோடு, பக்கச் சுவரில் உடலைச் சாய்த்துக்கொள்ள முடிவதால் ஒவ்வொரு வளைவிலும் கால்களை ஊன்றிப் போராட வேண்டியதில்லை. சிட்டு பின்னிருக்கையில் உட்காராமலேயே இருந்ததற்கு அடம் காரணமன்று, பிடிப்பதற்கு எதுவும் இல்லாததே காரணம் என்பது, முதல்முறை அவள் அந்தச் சுவரில் விலாவை ஒட்டிக்கொண்டு மெல்ல அமர்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

எல்லா நாய்களுக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். எதிரே விரையும் வண்டிகளைக் கண்டாலே குரைத்துக் கொந்தளிக்கும் நாய்க்கு, வெளியே தெரியாதபடி துணி போர்த்திய கூண்டே ஏற்றது. வாங்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கெட்டியாக மடித்த மெத்தையைப் பின்னிருக்கையில் வைத்து, ஹார்னஸ் எனப்படும் மார்புப்பட்டையை அணிவித்து, சீட் பெல்ட்டோடு பிணைத்த நாயை அதன்மேல் உட்காரவைத்து, ஆளரவமற்ற தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எச்சில் குறைந்தால் இந்த இருக்கை உதவும். குரைப்பு கூடினால் உதவாது.

நாங்கள் இருக்கையை வாங்கிய வேகத்தில் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். பெட்டியைப் பிரித்த அன்றே காரில் பொருத்தி, சிட்டுவை உட்காரவைத்து ஊர்சுற்றக் கிளம்பிவிட்டோம். வண்டி நகரும் முன்பே, இன்ஜினைக்கூட முடுக்காதபோதே, அவள் வாயிலிருந்து எச்சில் ஒழுகத் தொடங்கியது. இருக்கை வீண் என்று அன்று எனக்கு எரிச்சல் வந்தது. மறுவாரம் கால்நடை மருத்துவரிடம் சொன்னபோது அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எச்சில் வண்டி கிளம்பிய பிறகு வருகிறதா, கிளம்பும் முன்பே வருகிறதா?" ஓடாத வண்டியில் குமட்டல் வர வாய்ப்பில்லை. நிற்கும் காரிலேயே உதட்டை நக்குவதும், அடிக்கடி கொட்டாவி விடுவதும், எச்சில் விடுவதும் பழகிப்போன அச்சத்தின் அறிகுறிகள். மணியோசை கேட்டதும் ரஷ்ய ஆய்வாளர் பாவ்லோவின் நாய்களுக்கு உமிழ்நீர் சுரந்ததைப் போலத்தான் இதுவும். அங்கே மணி உணவை நினைவூட்டியது, இங்கே காரின் கதவு வாந்தியை நினைவூட்டுகிறது. அமைதியாக ஏறி, பத்து நிமிட ஓட்டத்துக்குப் பின் எச்சில் விடும் நாய்க்கு இருப்பது பயணக் குமட்டல். சிட்டுவுக்கு இரண்டுமே இருந்தன.

இது எப்படி நேர்ந்தது என்பதும் தெளிவாயிற்று. குட்டிகளுக்கு உட்செவியின் சமநிலை அமைப்பு முழுமையாக வளர்ந்திருக்காது என்பதால் வளர்ந்த நாய்களைவிட அவற்றுக்குக் குமட்டல் அதிகம். பல நாய்கள் ஏறத்தாழ ஒரு வயதுக்குள் அதைத் தாண்டிவிடும். சிட்டுவை நான்கு மாதக் குட்டியாக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில், அந்தப் பயணத்தில் அவள் மூன்று முறை வாந்தி எடுத்தாள். தாயைப் பிரிந்த அதே நாள். அதன் பிறகு அவள் காரில் ஏறியதெல்லாம் ஊசி போடுவதற்காகத்தான். அச்சம் வேர்விட வேறென்ன வேண்டும்? இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

ஆகவே இருக்கையைக் காரிலிருந்து கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தோம். இதுதான் இந்தப் பொருளின் எதிர்பாராத நன்மை: எடை குறைவு, ஒரு கையால் தூக்கலாம், வீட்டில் படுக்கையாகவும் பயன்படுகிறது. கூடத்தின் மூலையில் ஒன்பது நாள் கிடந்தது. முதல் இரண்டு நாள் அவள் அதைச் சுற்றிப்போனாள். மூன்றாம் நாள் உள்ளே போட்டுவைத்த வேகவைத்த கோழித்துண்டை, பின்னங்கால்களை வெளியிலேயே ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி எடுத்தாள். ஒன்பதாம் நாள் மதியம் யாரும் அழைக்காமலே ஏறிப் படுத்து, சுவர் விளிம்பில் தாடையை வைத்து உறங்கிவிட்டாள். அதன்பிறகே அதே இருக்கை, அவளுடைய வாசனை ஏறிய அதே துணியோடு, காருக்குப் போயிற்று.

அடுத்த படிகள் மெதுவானவை. நிறுத்திய காரில், கதவைத் திறந்து வைத்து இரண்டு நிமிடம். பிறகு கதவை மூடி. பிறகு இன்ஜினை முடுக்கி, நகராமல். பிறகு வாசலிலிருந்து தெருமுனை வரை. ஒவ்வொரு படியிலும் நகத்தளவுக் கோழித்துண்டு ஒன்று. அந்தத் துண்டு பரிசாக மட்டும் பயன்படவில்லை, அளவுகோலாகவும் பயன்பட்டது. அச்சம் மிகுந்த நாய்க்கு உண்ணத் தோன்றாது. மிகப் பிடித்ததைக்கூட முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சிட்டு துண்டை வாங்க மறுத்த நாளெல்லாம் முந்தைய படிக்குத் திரும்பினோம். தெருமுனையைத் தாண்டி முதன்மைச் சாலைக்குள் நுழையும் இடத்தில் மட்டும் பதினொரு நாள் தேங்கி நின்றோம். இருபது நிமிடப் பயணத்தை எச்சில் இல்லாமல் முடிக்க ஏழு வாரம் பிடித்தது. பயணம் முடியும் இடமும் முக்கியம் என்பதால், அந்த ஏழு வாரமும் மருத்துவமனைப் பக்கமே போகாமல், அவள் ஓடி விளையாடப் புல்வெளி உள்ள இடங்களுக்கே ஓட்டினோம். உணவைப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே கொடுத்துவிடுவோம். தண்ணீரை ஒருபோதும் நிறுத்தியதில்லை.

இருக்கையின் பெரிய குறைக்கு இப்போது வருகிறேன், இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. இருக்கையின் அடித்துணியில் ஒரு குட்டைப் பட்டையைத் தைத்து, அதன் முனையில் கிளிப் வைத்திருக்கிறார்கள். பெட்டியின் மேலுள்ள படத்தில் அந்தக் கிளிப் நாயின் கழுத்துப்பட்டையில் மாட்டப்பட்டிருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற சிற்றினங்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து ஒடுங்கும் கோளாறு இயல்பாகவே அதிகம். திடீர் பிரேக்கில் முழு எடையும் கழுத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதும்போது, நான்கரை கிலோ நாயின் உடல் அரை மீட்டர் தொலைவுக்குள் தடுத்து நிறுத்தப்பட்டால், அதன்மேல் விழும் விசை ஏறத்தாழ 90 கிலோ எடைக்குச் சமம். ஒற்றைத் தையலில் நிற்கும் பட்டை அதைத் தாங்காது. அதனால் தரப்பட்ட கிளிப்பை நாங்கள் பயன்படுத்துவதில்லை. மார்பை அகலமாகச் சுற்றும் ஹார்னஸ் அணிவித்து, காரின் சீட் பெல்ட்டை அதன் முதுகு வளையத்தில் நேரடியாகக் கோத்துப் பூட்டுகிறோம்.

ஹார்னஸ் வாங்குவதிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் 2011-இல் தொடங்கப்பட்ட சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு நாய் ஹார்னஸ்களை மோதல் சோதனைக்கு உட்படுத்தி 2013-இல் முடிவுகளை வெளியிட்டது. பாதுகாப்பானவை என்று சொல்லி விற்கப்பட்டவற்றுள், ஸ்லீப்பிபாட் நிறுவனத்தின் கிளிக்கிட் யூட்டிலிட்டி மட்டுமே அதில் சிறந்த செயல்திறன் கொண்டதாகத் தேர்ந்தது. பாதுகாப்பு ஒன்றே உங்கள் கவலை என்றால், மோதல் சோதனையில் தேறிய, முறையாகக் கட்டிவைத்த கூண்டு இந்தத் துணி இருக்கையைவிட மேலானது என்பதை மறைக்க விரும்பவில்லை. முன்னிருக்கையில் இதைப் பொருத்துவதை நினைக்கவே வேண்டாம். விரியும் ஏர்பேக் சிறிய நாயைக் கொன்றுவிடக்கூடும்.

இருக்கையோடு சேர்த்து வாங்கிப் பார்த்த மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். உடலை இறுக்கிப் பிடிக்கும் சட்டையில் சிட்டு அசையாமல் நின்றாள், ஆனால் மூச்சு வாங்கியது. நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணிப்பதால், வெக்கையான நாளில் அதை அணிவிக்க எனக்குத் துணிவில்லை. ஈன்ற தாய்நாயின் மடிப்பகுதியில் சுரக்கும் ஒரு வேதிப்பொருளைச் செயற்கையாக உருவாக்கி அடாப்டில் என்ற பெயரில் விற்கிறார்கள். அதன் ஸ்ப்ரேயை நாய் ஏறுவதற்கு 15 நிமிடம் முன்பே இருக்கைத் துணியில் அடித்து, ஆல்கஹால் நெடி போகவிட வேண்டும். சிட்டுவிடம் சிறு மாற்றம் தெரிந்ததாக நினைக்கிறேன், அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. லாவெண்டர் மணம் பற்றி டெபோரா வெல்ஸ் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு: காரில் கொந்தளிக்கும் 32 நாய்களிடம் சோதித்ததில், அந்த மணம் பரவிய பயணங்களில் அவை அதிக நேரம் உட்கார்ந்தும் ஓய்ந்தும் இருந்தன, அசைவும் குரலும் குறைந்தன. ஆனால் தைலத்தை நாய் நக்கிவிடக் கூடாது. அதனால் இருக்கைத் துணியில் தெளிக்க நான் உடன்படமாட்டேன்.

மருந்தைப் பற்றி ஒரு சொல். குமட்டல் கடுமையாக இருந்தால், வெறும் பழக்கத்தால் அச்சத்தைப் போக்க முடியாது. ஒவ்வொரு பயணமும் வயிற்றைப் புரட்டிக்கொண்டிருக்கும்வரை நாய் எதைக் கற்கும்? மாரோபிட்டன்ட் என்னும் மருந்து, மூளையில் வாந்தியைத் தூண்டும் சமிக்ஞையைத் தடுக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007-இல் நாய்களுக்கு இதை அனுமதித்தது. பழக்கிய காலத்தின் நீண்ட ஓட்டங்களுக்கு மட்டும் மருத்துவர் இதை எழுதித் தந்தார். புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்கச் சொன்னார். அளவை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையை ஒடித்துக் கொடுப்பது ஆபத்து.

இருக்கையின் மற்றக் குறைகள் சிறியவை. ஐந்தாம் மாதத்தில் ஃபோம் நடுவில் குழிந்தது. உயரம் குறைந்ததும் சிட்டு முன்னங்கால்களைச் சுவர்மேல் வைத்து எட்டிப் பார்க்கத் தொடங்கியதால்தான் அதைக் கவனித்தேன். அடர்த்தியான ஃபோம் பலகையை அளவாக வெட்டி உள்ளே வைத்துச் சரிசெய்தேன். அடிப்பக்கத் துணி வழுவழுப்பாக இருப்பதால் வளைவில் இருக்கை நகர்கிறது. கீழே ரப்பர் விரிப்பு போட்டால் நிற்கும். விற்பனைக் குறிப்பில் எட்டு கிலோ வரை தாங்கும் என்று இருந்தாலும், ஆறு கிலோவுக்கு மேற்பட்ட நாய் இதற்குள் சுற்றிப் படுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது நாற்பது நிமிடம் வரை சிட்டு உறங்கியபடி வருகிறாள். தொடர்ந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில் இன்னும் எச்சில் விடுகிறாள், அதற்கு மட்டும் மாத்திரை தேவைப்படுகிறது. உறையைத் துவைத்துக் காயப்போடும் நாளில் வெறும் ஃபோமின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மறுப்பதால், கூடுதல் உறை ஒன்று கேட்டு விற்பனையாளருக்கு எழுதியிருக்கிறேன். தனியாகத் தருவதில்லை என்று பதில் வந்தது. நான் ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன்.