ஒன்றரை வருட சல்சா: கோலாட்டப் புத்தியும் ஒரு ஹாமர்லாக்கும்

இராமநாதபுரத்தில் சல்சாவா என்று சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள். நாங்களும் சிரித்தவர்கள்தான். சல்சா என்பது லத்தீன் அமெரிக்கப் பாட்டுக்கு ஜோடியாக ஆடும் ஆட்டம். துபாயில் 11 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய கீழக்கரைக்காரர் ஒருவர், டவுனில் ஒரு மாடி ஹாலை வாடகைக்கு எடுத்து ஞாயிறு மாலை நாலரையிலிருந்து ஆறு வரை சொல்லித்தருகிறார். மாதம் 800 ரூபாய். நாங்கள் இருப்பது உச்சிப்புளி. என் வீட்டுக்காரருக்கு மண்டபத்தில் போட் எஞ்சின் பட்டறை. போன வருடத்துக்கு முந்தின ஜூலையில் சேர்ந்தோம்.

முதல் மூன்று மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எட்டு எண்ணிக்கை, அதில் 4-லும் 8-லும் கால் வைப்பதில்லை. 1-ல் பெண் வலது காலைப் பின்னால் வைப்பாள், ஆண் இடது காலை முன்னால். இது லாஸ் ஏஞ்சல்ஸ் பாணி. நியூயார்க் பாணியில் திசை மாறும் அடி 2-ல் விழும், அதை இன்னும் நாங்கள் தொடவில்லை. வகுப்பில் போடும் பழைய பாட்டுகளில் பாதி ஃபானியா என்ற இசைத்தட்டுக் கம்பெனியுடையவை. அந்தக் கம்பெனி நியூயார்க்கில் தொடங்கிய வருடம் 1964 என்று மாஸ்டர் சொன்னதும், ஹாலில் இரண்டு பேர் ஒரே குரலில் "புயல் வருஷம்" என்றோம். தனுஷ்கோடி போன வருடம் எங்களுக்கு வேறு எதற்காகவும் ஞாபகம் இருக்காது.

செருப்பு விஷயம் ஒன்று. ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவில் சுற்றினால் பாதம் தரையிலேயே நிற்கும், முட்டி மட்டும் திரும்பும். வலி வந்த பிறகுதான் புரிந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டேன். அப்புறம் ஆடுவதற்கு முன்னால் ஹாலைப் பெருக்கியே ஆக வேண்டும். எங்கள் பக்கம் மணல் எப்படியும் உள்ளே வந்துவிடும்.

நாலாவது மாதம் காம்பினேஷன், அதாவது பல அசைவுகளை வரிசையாகக் கோர்த்த ஆட்டம், ஆரம்பமானது. மொத்தம் ஆறு எட்டு, அதாவது 48 எண்ணிக்கை. பாட்டில் 16 விநாடிதான் வரும், எங்களுக்கு இரண்டரை மாதம் பிடித்தது. கிராஸ் பாடி லீட் (ஆண் ஒதுங்கி வழிவிட, பெண் எதிர்ப்பக்கம் கடப்பது), ஹாமர்லாக், அதிலிருந்து அவிழ்வது, கோப்பா (பாதி வந்து, வந்த பக்கமே சுற்றித் திரும்புவது), மறுபடி கிராஸ் பாடியில் ஒரு உள்சுற்று, கடைசியில் இருவரும் தனித்தனியாகச் சுற்றி மீண்டும் கைபிடிப்பது. வரிசை இதுதான்.

இதில் எங்களை ரொம்ப அழவைத்தது ஹாமர்லாக். இரண்டு கையையும் பிடித்தபடியே அவர் என்னை வலப்பக்கமாகச் சுற்றவிட வேண்டும். என் வலது கை தலைக்கு மேலே போகும், இடது கை இடுப்பளவில் தாழ்ந்தே இருக்கும். சுற்றி முடிக்கும்போது அந்த இடது கை முதுகுக்குப் பின்னால் மடிந்து, பூட்டுப் போட்ட மாதிரி நிற்கும். இவர் பிடிப்பதோ ஸ்பேனர் பிடி. நாலு விரலும் கட்டைவிரலும் சேர்ந்து என் மணிக்கட்டை நட்டு மாதிரி இறுக்கும். இரண்டு ஞாயிறு பார்த்துவிட்டு மாஸ்டர், "அண்ணே, கட்டைவிரலை மட்டும் வீட்டுல வச்சுட்டு வாங்க" என்றார். விரல்களைக் கொக்கி மாதிரி வளைத்துக் கொடுத்தால் போதும், அதற்குள் என் விரல்கள் தானாகத் திரும்பிக்கொள்ளும். இதைச் சரிசெய்த பிறகு கைவலி போய்விட்டது. இரவில் மொட்டை மாடியில் பழகும்போது வடகம் எடுக்க வந்த மாமியார் ஒருநாள் கேட்டார்: "என்னத்தா, அவன் கையை முறுக்கிக்கிட்டு நிக்கிறான், நீ சிரிச்சுக்கிட்டு நிக்கிற?"

நான் பள்ளியில் பின்னல் கோலாட்டம் ஆடியவள். மேலே கட்டிய கயிறுகளைப் பிடித்துக்கொண்டு ஒருத்திக்கு உள்ளே, அடுத்தவளுக்கு வெளியே என்று பின்னிப் போவோம். பிறகு வந்த வழியே திரும்பி அவிழ்ப்போம். ஒரு பெண் ஒரு அடி தவறினாலும் சடை சிக்கிவிடும். அதனால் அடுத்தது என்ன என்பது எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடமாக இருக்க வேண்டும். அதே புத்தியோடுதான் சல்சாவுக்கும் வந்தேன். ஒரு நோட்டுப் போட்டு ஆறு எட்டையும் எழுதினேன், சமைக்கும்போதும் எண்ணினேன். டிசம்பரில் தப்பே இல்லாமல் ஆடினோம். வீடியோ கூட எடுத்து வைத்திருக்கிறோம்.

பிப்ரவரியில் சேது எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னையில் ஒரு சனிக்கிழமை சோஷியலுக்குப் போனோம். அங்கே யாரும் யாரையும் ஆட அழைக்கலாம். நன்றாக ஆடும் ஒருவர் என்னை அழைத்தார். கிராஸ் பாடி, ஹாமர்லாக், அவிழ்த்தல் வரை எங்கள் வரிசைப்படியே வந்தது. அடுத்தது கோப்பாதான் என்று என் உடம்பு முடிவுகட்டிவிட்டது. கிராஸ் பாடியும் கோப்பாவும் ஒரே மாதிரித் தொடங்கும்: 1-ல் பின்னால், 2, 3-ல் அவரை நோக்கி முன்னால். கோப்பா என்றால் 3-ல் அவர் கையில் ஒரு சின்னத் தடை தெரியும், வந்த பக்கமே திரும்பிச் சுற்ற வேண்டும். தடை இல்லையென்றால் நேரே கடந்து போக வேண்டும். தடை வரவில்லை. நான் திரும்பிவிட்டேன். என் முழங்கை அவர் மூக்குக் கண்ணாடியில் பட்டது. "பரவாயில்லைங்க" என்று சிரித்தார், நல்ல மனிதர்.

என் வீட்டுக்காரர் கதை இன்னும் மோசம். வேறொரு பெண்ணோடு ஆடும்போது கையைத் தூக்கினாராம், அவள் சுற்றவே இல்லை, அப்படியே நின்றாளாம். திரும்பி வரும்போது பரமக்குடி தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "அப்ப இத்தனை மாசமும் நீயாத்தான் சுத்துனியா?"

நானாகத்தான் சுற்றியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் ஏழே பேர். எல்லோருக்கும் அதே காம்பினேஷன், அதே வரிசை. லீட் செய்பவர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், கையைத் தாமதமாகத் தூக்கினாலும், ஏன், தூக்காமலே விட்டாலும், அவர் சைகைப்படி ஆட வேண்டிய ஃபாலோ செய்பவள் சரியான இடத்தில் போய் நிற்பாள். தப்பு வெளியே தெரியாது. பெரிய ஊர் என்றால் புது ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், சீக்கிரம் குட்டு வெளிப்பட்டிருக்கும். வரிசையை ஒருநாளாவது கலைத்துப் போட்டிருக்கலாமே என்று மாஸ்டரிடமே சொன்னேன். இந்த வகுப்பைப் பற்றி எனக்கிருக்கும் ஒரே பெரிய குறை இதுதான். அவர் கோபப்படவில்லை, மறுவாரமே ருயேதா ஆரம்பித்தார்.

ருயேதா என்பது 1950-களில் ஹவானாவில் வளர்ந்த வட்ட ஆட்டம். ஜோடிகள் வட்டமாக நிற்க, ஒருவர் கூப்பிடும் பெயரை எல்லோரும் உடனே ஆட வேண்டும். அடுத்தது எதுவென்று யாருக்கும் தெரியாது. "டாமே" என்றால் பார்ட்னரை மாற்ற வேண்டும். எங்கள் ஹாலில் அதற்கு "கைமாத்து" என்று பெயர் வந்துவிட்டது. மூன்று ஜோடி ஆட, ஏழாவது ஆள் கூப்பிடுவார். ஏழு பேரில் ஆண்கள் இரண்டே பேர் என்பதால் பெண்களும் லீட் செய்கிறோம். பெண்களோடு மட்டுமே ஆடுவேன் என்பவர்களும் உண்டு, மாஸ்டர் கேள்வி கேட்பதில்லை.

ஏப்ரல் 15 வந்தது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், கடலுக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு. இவருக்கு அப்போதுதான் மூச்சுவிட நேரமிருக்காது. கரையில் நிற்கும் போட்டுகளின் எஞ்சினெல்லாம் பட்டறைக்கு வந்துவிடும். இரண்டு மாதம் தனியாகப் போய் முழுக்க லீட் பழகினேன். இவர் கையைத் தூக்கியும் அந்தச் சென்னைப் பெண் ஏன் சுற்றவில்லை என்பதற்கு அங்கேதான் எனக்குப் பதில் கிடைத்தது. 5-ல் ஃபாலோ செய்பவள் சுற்ற வேண்டுமென்றால் 5-ல் கையைத் தூக்கினால் காலம் கடந்துவிட்டது. 3 முடிந்ததும், கால் வைக்காத அந்த 4-லேயே கை மேலே போயிருக்க வேண்டும். ஜூனில் இவர் வகுப்புக்குத் திரும்பியபோது இதைச் சொன்னேன். மறுநாளே, "நீ கண்ணை மூடிக்க, நான் இஷ்டத்துக்குப் போடுறேன்" என்று மாடிக்குக் கூப்பிட்டார். கச்சான் காற்று போன் பாட்டையே அடித்துக்கொண்டு போனது. வாயால் எண்ணி எண்ணி ஆடினோம். கண்ணை மூடினால் எனக்கு முந்திக்கொள்ள முடியவில்லை. அந்த ஒரு வாரம் எங்களுக்கு ஆறு மாத வகுப்புக்குச் சமம்.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: ஜோடியாகப் போனாலும் ஜோடியை விட்டுக் கொஞ்ச நாள் ஆடச் சம்மதம் என்றால் சேருங்கள். கல்யாண மேடையில் ஒரு பாட்டுக்கு ஆடினால் போதும் என்றால் மனப்பாடமே போதும், மூன்று மாதத்தில் முடித்துக்கொள்ளலாம்.

இரட்டைச் சுற்று இன்னும் வரவில்லை. இரண்டாவது சுற்றில் கண் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் தடுமாறுகிறேன். நிமிடத்துக்கு 200 தாளத்துக்கு மேல் போகும் பாட்டு என்றால் இருவரும் சொல்லிவைத்த மாதிரி தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறோம். சென்னைக்கு மறுபடி டிக்கெட் போட்டிருக்கிறார். அந்த மூக்குக் கண்ணாடிக்காரர் வந்திருந்தால் இந்த முறை நானே போய் அழைப்பதாக இருக்கிறேன்.