ஒட்டு நாவல்களோடு ஐம்பது வருடம்

தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்த நாள் 1976 ஜனவரி 5. நிலவில் மனிதன் கால் வைத்து ஆறரை வருடம் கழித்து. அந்த நிலவுக் காட்சியை உலகம் பெட்டியில் பார்த்தபோது நாங்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். பெட்டி வாங்க வக்கில்லாத நாடு அல்ல இது. பெட்டி வந்தால் மக்கள் கெட்டுப்போவார்கள் என்று ஆட்சியாளர்கள் பயந்தார்கள். தபால் தந்தி அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்ஸாக் பதவியில் இருந்தவரை பிடிவாதமாக மறுத்தார். அந்தப் பிடிவாதத்தால் எனக்கு மட்டும் ஒரு விசித்திரமான லாபம் கிடைத்தது. விண்கலத்தில் கிரகம் கிரகமாகப் போகும் அமெரிக்கத் தொடரான 'ஸ்டார் ட்ரெக்'கில் ஒரு காட்சியைக்கூடப் பார்க்காமல், எட்டு வருடம் அதைப் புத்தகமாகவே படித்துக்கொண்டிருந்தேன்.

தொலைக்காட்சித் தொடரை வைத்து எழுதப்படும் இந்த நாவல்களுக்குத் தமிழில் நிலைத்த பெயர் கிடையாது. நான் 'ஒட்டு நாவல்' என்கிறேன். ஒட்டு மாங்கன்று மாதிரி: வேர் ஒருவருடையது, காய் இன்னொருவருடையது. முந்நூறுக்கு மேல் படித்திருப்பேன். இப்போது அலமாரியில் இருப்பவை இருநூற்றுச் சொச்சம். மீதியை இராமபாணப் பூச்சியும், இரவல் வாங்கிய உறவுக்காரர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். டர்பன் கடற்காற்றில் மலிவுப் பதிப்புக் காகிதம் பத்தே வருடத்தில் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும், முதுகுப் பசை உதிர்ந்துவிடும். வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

முதல் புத்தகம் 1975இல் வந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. வீடு சாட்ஸ்வொர்த்தில், இனவாரிக் குடியிருப்புச் சட்டம் டர்பன் இந்தியர்களைப் பெயர்த்துக்கொண்டுபோய் வைத்த இடம். மாமா துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதினார். கப்பல்காரர்கள் படித்துவிட்டுப் போட்ட புத்தகங்கள் அவருக்குச் சும்மா கிடைக்கும். ஒருநாள் முன்னட்டை கிழிந்த ஒன்றை என்னிடம் நீட்டினார். ஜேம்ஸ் பிளிஷ் எழுதிய 'ஸ்டார் ட்ரெக்' கதைத் தொகுப்பு, இரண்டாம் பாகம். அட்டை இல்லாததால் யாருடைய முகமும் இல்லை. விண்கலத் தலைவர் கிர்க் எப்படி இருப்பார், அவருக்கு அடுத்த அதிகாரியான வேற்றுக்கிரகவாசி ஸ்பாக் எப்படி இருப்பார் என்று முடிவுசெய்யும் உரிமை முழுவதும் என் கையில்.

என் கையில் மட்டுமல்ல, ஆயாவின் கையிலும். அம்மாவைப் பெற்ற அந்த ஆயாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கோயில் மாலைப் பள்ளியில் நான் எழுதப் படிக்கக் கற்ற தமிழ் அவளுக்குக் கதை சொல்லித்தான் வாயில் படிந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவள் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பாள். நான் அன்றைக்குப் படித்ததைச் சொல்வேன். விண்கலத்தை 'ஆகாயக் கப்பல்' என்று சமாளித்துவிட்டேன். ஆட்களை ஒளியாக்கி வேறு கிரகத்துக்கு அனுப்பும் கருவிதான் சிக்கலாயிற்று. வேறு வழி தெரியாமல், "கூடுவிட்டுக் கூடு பாய்வது மாதிரி, ஆயா" என்றேன்.

அவள் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டாள். "கூடுவிட்டுக் கூடு பாய்ந்தால் உயிர்தான் போகும், உடம்பு இங்கேயே கிடக்கும். இவனோ உடம்பையும் கரைத்துவிட்டான் என்கிறாய். அங்கே போய் எழுந்தவன் இவன்தான் என்று யார் கண்டது?"

என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருடம் கழித்து, அதே பிளிஷ் 1970இல் எழுதிய 'ஸ்பாக் மஸ்ட் டை' நாவல் கையில் கிடைத்தது. தொலைக்காட்சியில் வராத, பெரியவர்களுக்காகப் புதிதாக எழுதப்பட்ட முதல் 'ஸ்டார் ட்ரெக்' நாவல் அது. தொடக்கத்திலேயே விண்கலத்தின் டாக்டர் மெக்காய் ஆயாவின் கேள்வியைக் கேட்கிறார். கருவி நம்மைக் கொன்றுவிட்டு அந்தப் பக்கம் ஒரு நகலை எழுப்புகிறதோ? அப்படியானால் ஆன்மா எங்கே போகிறது? பிறகு அந்தக் கருவியே இரண்டு ஸ்பாக்குகளை உண்டாக்கிவிட, கதை நகர்கிறது. ஆயாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "டாக்டர் படித்தவன் அல்லவா, அதனால் கேட்டிருக்கிறான்" என்றாள், தன்னையும் சேர்த்துப் பெருமையாக.

ஒட்டு நாவலின் பெரிய பலத்தை அங்கேதான் கண்டுகொண்டேன். ஐம்பது நிமிடத் தொடரில் அந்தக் கருவி, நடிகரைக் கிரகத்தில் இறக்கிக் கதையைச் சட்டென்று தொடங்க ஒரு வசதி. புத்தகத்துக்கு அவசரம் இல்லை. அந்த வசதியையே நிறுத்தி வைத்து விசாரிக்க நேரம் இருக்கிறது.

பிளிஷைப் பற்றிப் பிற்பாடு தெரிந்த ஒரு சங்கதி என்னை இன்னும் நெருக்கமாக்கியது. முதல் தொகுப்பு 1967 ஜனவரியில் வெளியாயிற்று; தொடர் அமெரிக்காவில் தொடங்கி நான்கே மாதம். அவர் பார்த்து எழுதவில்லை, அனுப்பிவைக்கப்பட்ட திரைக்கதைப் பிரதிகளை வைத்து எழுதினார். அதனால் படமானதற்கும் புத்தகத்துக்கும் பல இடங்களில் ஒட்டாது. சில கதைகளின் தலைப்பே வேறு. எழுதியவரும் பார்க்கவில்லை, படித்தவனும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தொடரை நடத்தியிருக்கிறோம்.

தகவல் தொடர்பு அதிகாரி உஹூராவின் பெயர், சுவாஹிலியில் விடுதலை என்று பொருள்படும் 'உஹூரு'விலிருந்து வந்தது. மாமாதான் சொன்னார். சொன்ன கையோடு, "பஸ்ஸில் இந்தப் பெயரைக் கத்திச் சொல்லாதே" என்றும் எச்சரித்தார். காலம் அப்படி. கிர்க்கும் உஹூராவும் முத்தமிடும் கதை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1968 நவம்பரில் வந்தது. பிளிஷின் 11ஆம் தொகுப்பில், 1975இல், புத்தகமாயிற்று. வெள்ளையரும் மற்றவரும் உடலுறவு கொண்டால் சிறை என்ற சட்டம் இங்கே 1985 வரை இருந்தது. அந்தத் தொகுப்பை நான் பள்ளிப் பையில், கணக்குப் புத்தகத்துக்கும் வரலாற்றுப் புத்தகத்துக்கும் நடுவே வைத்துக்கொண்டு அலைந்தேன். வரலாற்றுப் புத்தகத்தைவிட அது எனக்கு உண்மையாகப் பட்டது.

பெட்டி வந்தபின் நிலைமை மாறியதா? எங்கள் வீட்டுக்கு அது வரவே ஐந்து வருடம் ஆயிற்று. வந்தபின் பார்த்த முதல் விஞ்ஞானத் தொடரில் கதாநாயகன் ஆப்பிரிகான்ஸ் பேசினான். விபத்துக்குப் பின் பாதி இயந்திரமாக்கப்பட்ட அமெரிக்கத் தொடர் நாயகன், 'ஆறு மில்லியன் டாலர் மனிதன்', இங்கே 'ஸ்டீவ் ஆஸ்டின்: டீ மான் வான் ஸ்டால்' (எஃகு மனிதன்) ஆகிவிட்டிருந்தான். அதற்கு மூலம் மார்ட்டின் கெய்டின் 1972இல் எழுதிய 'சைபோர்க்' நாவல். நாவலில் அவனுடைய செயற்கைக் கண்ணுக்குப் பார்வையே கிடையாது, அது படம் பிடிக்கும் கேமரா மட்டும். எவ்வளவு சோகமான மனிதன்! பெட்டியில் வந்தவன் மெதுவாக ஓடிக்கொண்டே வேகமாக ஓடுவதாகப் பாவனை செய்தான். நான் எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்தேன்.

பிரிட்டிஷ் தொடர்களுக்கு வேறு கதை. இனஒதுக்கலை எதிர்த்து, பிரிட்டனின் நடிகர் சங்கமான ஈக்விட்டி தன் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளைத் தென்னாப்பிரிக்காவுக்கு விற்பதைத் தடுத்தது. நியாயமான தடை, அன்றும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் காலத்தில் பயணம் செய்யும் ஒருவரைப் பற்றிய பி.பி.சி. தொடரான 'டாக்டர் ஹூ'வை டார்கெட் பதிப்பகம் 1973 முதல் சிறு சிறு புத்தகங்களாகப் போட்டுக்கொண்டிருந்தது. அவை பழைய புத்தகக் கடைகளுக்கு எப்படியோ வந்து சேர்ந்தன. புக் எக்ஸ்சேஞ்ச் என்று நாங்கள் சொல்லும் கடைகள். படித்ததைத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலையைக் கழித்துக்கொண்டு அடுத்ததைத் தருவார்கள். என்னிடம் இருக்கும் ஒரு பிரதியின் உள்ளட்டையில் ஒரே கடையின் ஊதா முத்திரை நான்கு தடவை விழுந்திருக்கிறது. நான்காவது தடவை வாங்கியவன் நான். முதல் தடவை வாங்கியவனும் நான்தான்.

அந்த 'டாக்டர் ஹூ' புத்தகங்களில் டெரன்ஸ் டிக்ஸ் தனியாளாக அறுபதுக்கு மேல் எழுதித் தள்ளினார். நூற்றிருபது பக்கச் சொச்சம், சின்ன வாக்கியம், ஒரே மூச்சில் முடிந்துவிடும். இலக்கியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பி.பி.சி. அறுபதுகளின் பல பகுதிகளை, ஒளிநாடாவை மறுபடி பயன்படுத்தவும் இடம் காலி செய்யவும் அழித்துவிட்டது. ஒலிப்பதிவும் சில புகைப்படங்களும் நீங்கலாக அந்தக் கதைகள் வெகுகாலம் முழுதாக வாழ்ந்தது இந்தப் புத்தகங்களில்தான். அந்த வகையில் லண்டன்காரனும் சாட்ஸ்வொர்த்காரனும் ஒரே படியில் உட்கார்ந்திருக்கிறோம்.

'டாக்டர் ஹூ'வின் எதிரிகளான டாலெக்குகளை வைத்து டேவிட் விட்டேக்கர் 1964இல் எழுதிய முதல் நாவல், பார்ன்ஸ் காமன் என்ற வெட்டவெளியில், மூடுபனியில், ஒரு சாலை விபத்தோடு தொடங்குகிறது. நாயகன் ஆசிரியர் வேலையை விட்டுப்போக நினைப்பவன்; கதையைத் தன் வாயால் சொல்கிறான். அந்தப் பனியை நான் எத்தனையோ தடவை சுவாசித்திருக்கிறேன். தடையெல்லாம் நீங்கிப் பல வருடம் கழித்து அசல் ஒளிபரப்பைப் பார்த்தால், பனியும் இல்லை, விபத்தும் இல்லை. ஒரு பழைய இரும்புக் கடையில் கதை தொடங்குகிறது. வந்தியத்தேவனை மணியத்தின் ஓவியத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஏமாற்றம் புரியும். நமக்கு எது முதலில் வந்ததோ அதுவே மூலம்.

1983இல் வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்து ஆயாவுக்கும் ஸ்பாக்கைக் காட்டினேன். நெருங்கி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். "இவனா அவன்? இவ்வளவு ஒல்லியாகவா இருந்தான்?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோய்விட்டாள். அவளுடைய ஸ்பாக் நல்ல வாட்டசாட்டமான ஆள் போலிருக்கிறது.

இனிக் குறைகள். முதல் குறை, எதுவும் நடக்காது. பாத்திரங்கள் தொலைக்காட்சிக்காரருக்குச் சொந்தம், எழுத்தாளர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். வாடகை வீட்டில் சுவரை இடிக்க முடியுமா? முந்நூறு பக்கம் கிர்க்கை மரணத்தின் வாயில் நிறுத்தினாலும் கடைசிப் பக்கத்தில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்தாக வேண்டும். எண்பதுகளின் நாவல்கள் பலவற்றில் இதுதான் அலுப்பு. இரண்டாவது, நடிகரின் பழக்கங்களை வைத்து ஒப்பேற்றுவது. ஸ்பாக் புருவத்தை உயர்த்தினார் என்ற வாக்கியத்தை ஒரு நாவலில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன், பதினேழு. எந்த நாவல் என்று சொல்லப்போவதில்லை.

சில சமயம் வாடகைக்காரர் நட்ட செடியை வீட்டுக்காரரே வைத்துக்கொள்வதும் உண்டு. 'ஸ்டார் ட்ரெக்' விண்கலத்தை ஓட்டும் சுலுவுக்கு ஹிகாரு என்ற பெயரை வைத்தவர் வோண்டா மெக்கின்டயர், 1981 நாவலில். திரையில் அது ஒலிக்கப் பத்து வருடம் ஆயிற்று. உஹூராவின் முதற்பெயர் நியோட்டா 1982 புத்தகம் ஒன்றில் வந்து, 2009இல்தான் படத்துக்குள் நுழைந்தது. சுவாஹிலியில் விண்மீன் என்று பொருள். அதைத் திரையரங்கில் கேட்டபோது, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்துவிட்டேன்.

இவ்வளவில் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் 'எ ஸ்டிச் இன் டைம்' நாவலைச் சொல்வேன். 2000இல் வந்தது. 'ஸ்டார் ட்ரெக்' வரிசையில் பின்னால் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் காரக் என்ற தையற்காரராக, முன்னாள் ஒற்றராக நடித்த ஆண்ட்ரூ ராபின்சன் தானே எழுதியது. பாத்திரத்தைப் புரிந்துகொள்ள அவர் அதன் குரலில் எழுதிவைத்த நாட்குறிப்பு நாவலாக வளர்ந்தது. இடிந்துபோன தன் நகரத்திலிருந்து காரக் ஒரு டாக்டருக்குக் கடிதம் எழுதுகிறான். கொடுமை செய்த ஆட்சிக்கு உழைத்தவன், அந்த ஆட்சி விழுந்தபின் இடிபாடுகளுக்கு நடுவே உட்கார்ந்து தன்னைத் திரும்பிப் பார்க்கிறான். நான் அதைப் படித்த அந்த வருடங்களில் எங்கள் ஊரிலும் அப்படிப்பட்டவர்கள் கடைத்தெருவில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். இனஒதுக்கல் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் முன் வந்து நின்ற குரல்களை வானொலியில் கேட்ட காதுக்கு, காரக்கின் நழுவலும் நையாண்டியும் அன்னியமாக இல்லை. தொடரே பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு: பகுதிகளை அப்படியே எழுத்தாக்கிய புத்தகங்களில், பார்க்காத தொடரை எடுங்கள், பார்த்ததைப் படித்தால் வீட்டுப்பாடம் மாதிரி இருக்கும். புதுக்கதை நாவல்களுக்கு நேர்மாறு, ஆட்களை ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். அச்சுப் பிரதி கப்பலில் வந்து நம் கைக்குச் சேரும்போது விலை கண்ணைக் கட்டும். நான் இப்போது பாதிக்கு மேல் மின்னூல்தான். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல், பெட்டி அணைந்த இரவுகளில் கைப்பேசி வெளிச்சத்தில் பழையபடி படித்துக் கிடந்தேன். 1975க்கே திரும்பிப்போன மாதிரி இருந்தது, வெற்றிலை வாசம் மட்டும் இல்லை.

கடைசியாக ஒரு மனத்தாங்கல். 'ஸ்டார் ட்ரெக்'கின் பழைய தொடர்கள் சில முடிந்துபோனபின், 2001 முதல், நாவலாசிரியர்கள் துணிந்து சுவரை இடித்தார்கள். ஆட்கள் கல்யாணம் செய்தார்கள், செத்தார்கள், பதவி மாறினார்கள். புத்தகத்துக்குப் புத்தகம் தொடர்ந்து இருபது வருடம் ஒரு உலகமே வளர்ந்தது. 2020இல், 'ஸ்டார் ட்ரெக்'கின் இன்னொரு விண்கலத் தலைவரான பிக்கார்டை வைத்துப் புதுத் தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதில் நடந்தது வேறு. வீட்டுக்காரர் திரும்பி வந்துவிட்டார். 2021இல் 'கோடா' என்று மூன்று நாவல்கள் எழுதி, மூன்று ஆசிரியர்கள் அந்த உலகத்தைத் தாங்களே மூடிவைத்தார்கள். அநாதையாக விடாமல் முறையாக வழியனுப்பினார்கள் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. முதல் இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்தேன். டேவிட் மேக் எழுதிய மூன்றாவதில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து மூடியிருக்கிறேன். முப்பது பக்கம் மீதி. நாலு வருடமாக அந்த டிக்கெட் அதே இடத்தில் இருக்கிறது.