சுவிட்சுக்குக் கோப்பு ஏற்ற எது தோது: டிஎஃப்டிபியா, எஃப்டிபியா, எஸ்சிபியா?

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் வலையமைப்பைக் கவனித்து வருகிறேன். கொழுந்து வாட்டும் தளத்துக்கு வெளியே, தேயிலைத் தூசி படிந்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் சிஸ்கோ சுவிட்சில் (கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் கருவி) அதை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் புதிய பதிப்பை ஏற்றவும், அதன் கான்ஃபிக்கை, அதாவது அமைப்புகள் அடங்கிய கோப்பை, பத்திரப்படுத்தவும், வலையமைப்பு வழியே கோப்பு அனுப்பும் இந்த மூன்று வழிகளையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்.

அமைப்பதற்கு மிக எளியது டிஎஃப்டிபி. மடிக்கணினியில் ஒரு சிறு சர்வர் நிரலை ஓடவிட்டு, சுவிட்சில் ஒரே ஒரு காப்பி கட்டளை கொடுத்தால் வேலை தொடங்கிவிடும். பயனர்பெயரும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. 1992-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1350 என்ற இணையத் தர ஆவணத்தின்படி அது, இணைப்பு ஏற்படுத்தாமலே தரவு அனுப்பும் யுடிபி முறையில், 69-ஆம் போர்ட்டில் (வாசல் எண்) கோரிக்கையைப் பெற்று, கோப்பை 512 பைட் துண்டுகளாக அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புதல் வந்த பிறகே அடுத்தது கிளம்பும். பக்கத்து மேசையிலிருந்து அனுப்பும்போது இது தெரியாது. கோயம்புத்தூர் அலுவலகத்திலிருந்து மலையேறி வரும் இணைப்பில், போய்வர 40 மில்லிநொடி ஆகிறதென்றால், நொடிக்கு 25 துண்டுகளே நகரும்; 24 எம்பி கோப்புக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், இடையில் மின்சாரம் போனால் மீண்டும் முதலிலிருந்துதான். துண்டு எண் 16 பிட் என்பதால், எண்ணைச் சுழற்றத் தெரியாத பழைய சர்வர்கள் 32 எம்பியைத் தொட்டதும் நின்றுவிடும். துண்டின் அளவைக் கூட்டும் வசதி 1995-இலேயே வந்துவிட்டது. ஆனால் இரு முனைகளும் அதை ஏற்க வேண்டும்.

எஃப்டிபி, ஒவ்வொரு துண்டின் ஒப்புதலுக்கும் காத்திராமல் பல துண்டுகளைச் சேர்த்து அனுப்பும் டிசிபியின் மேல் ஓடுவதால் வேகம் பிரச்சினையில்லை. ஆனால் கடவுச்சொல் வெட்டவெளியாகச் செல்கிறது. கட்டுப்பாட்டுக்கும் தரவுக்கும் தனித்தனி இணைப்புகள் என்பதால், வலையமைப்பைக் காக்கும் தடுப்பரணான ஃபயர்வாலோடும் மல்லுக்கட்ட வேண்டும். டிஎஃப்டிபியின் எளிமையும் இல்லை, எஸ்சிபியின் பாதுகாப்பும் இல்லை. புதிதாக இதை அமைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

எஸ்சிபி, மறையாக்கம் செய்த தொலை இணைப்பான எஸ்எஸ்எச்சின் 22-ஆம் போர்ட்டிலேயே இயங்குகிறது. அதற்கு முன்வேலை அதிகம்: சுவிட்சுக்கு ஹோஸ்ட்நேமும் டொமைன் பெயரும் வைத்து, 2048 பிட் ஆர்எஸ்ஏ மறையாக்கச் சாவியை உருவாக்கி, ஏஏஏ அங்கீகாரத்துடன் (பயனரின் அடையாளத்தையும் உரிமையையும் சரிபார்க்கும் ஏற்பாடு) 15-ஆம் நிலை, அதாவது முழு உரிமையுள்ள, பயனர் ஒருவரை அமைத்து, எஸ்சிபி சர்வரை இயக்க வேண்டும். அதையெல்லாம் சரியாகச் செய்தும் ஒரு நாள் முழுக்க என்னைத் திண்டாடவைத்தது வேறொன்று. மடிக்கணினியில் எஸ்சிபி கட்டளையைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் நிரலில், 2022-இல் வந்த 9.0 பதிப்பு முதல், அந்தக் கட்டளை உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி என்ற வேறொரு கோப்பு அனுப்பும் மொழியையே பேசுகிறது. பழைய சுவிட்சுக்கு அது புரியாது. பழைய எஸ்சிபி மொழியிலேயே பேசச் சொல்லி, கட்டளையில் ஹைஃபனுடன் ஆங்கிலப் பெரிய எழுத்து ஓ-வைச் (-O) சேர்த்ததும் கோப்பு ஓடத் தொடங்கியது.

கான்ஃபிக் கோப்பில், கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் எஸ்என்எம்பிக்கான கடவுச்சொல் போன்ற சமுதாயச் சொல்லும் (கம்யூனிட்டி ஸ்டிரிங்), எளிதில் அவிழ்க்கக்கூடிய சிஸ்கோவின் 7-ஆம் வகைக் கடவுச்சொற்களும் இருப்பதால், அதை மலையிறக்கி அனுப்ப எஸ்சிபியைத் தவிர வேறெதையும் நான் ஏற்பதில்லை. ஐஓஎஸ் கோப்பில் ரகசியம் ஏதுமில்லை. தொழிற்சாலைக்குள் நேராகக் கேபிள் செருகி நிற்கும்போது டிஎஃப்டிபியே போதும். எவ்வழியில் வந்தாலும், மறுதொடக்கம் செய்வதற்கு முன் கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் எம்டி5 எண்ணைச் சுவிட்சிலேயே சரிபார்த்துவிடுவேன். வேலை முடிந்ததும் மடிக்கணினியின் டிஎஃப்டிபி சர்வரை அணைத்த பிறகே இரும்புப் பெட்டியைப் பூட்டுவேன்.